சுகிர்தாவின் புதுநன்மை

சேசு மரி சூசை

காரைக்கால்,
தவக்காலத்து மூன்றாம் ஞாயிறு.

அன்புள்ள லூர்து அக்காவுக்குத் தம்பி நெல்சன் எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, ஜோவிதா, சுகிர்தா, நான் எல்லோரும் ஆண்டவர் புண்ணியத்தில் இருக்கிறோம். அங்கு உன் சுகத்துக்கும் மடத்துச் சகோதரிகள் எல்லோருடைய சுகத்துக்கும் மன்றாடுகிறோம். மதருக்கு எங்கள் ஸ்தோத்திரம்.

என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. கிறிஸ்மசுக்கும் பாஸ்குத் திருநாளுக்கும் ஜோவிதாதான் எழுதுவாள், நான் அடியில் பெயரைப் போடுவதோடு சரி. இந்தத் தடவை நானே பேனாவை எடுத்துவிட்டேன், செய்தி அப்படி. நல்ல செய்தி அக்கா. நம் பிள்ளை சுகிர்தாவுக்குத் தேதி கிடைத்துவிட்டது. வருகிற புதன் விட்டு அடுத்த புதன், எர்ணாகுளத்தில் ஆபரேஷன்.

பொங்கல் கழித்து மடத்துக்குப் போன் செய்தபோது, பிள்ளைக்குத் தலையில் கட்டி, ஜெபியுங்கள் என்று மதரிடம் சொன்னதோடு வைத்துவிட்டேன். அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் முழுக்கக் காலையில் எழுந்ததும் வாந்தி எடுத்தாள். வயிற்றுக் கோளாறு என்றுதான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். பிறகு சைக்கிளிலிருந்து விழ ஆரம்பித்தாள். நடந்தால் இடது பக்கம் சாய்ந்துகொண்டே போவாள். கோடு போட்ட நோட்டில் அவள் எழுத்து கோட்டை விட்டு இறங்கிப் போவதைப் பார்த்துத்தான் ஜோவிதா முதலில் பயந்தாள். டீச்சர் அல்லவா, அவளுக்கு அது உடனே தெரிந்தது. புதுச்சேரியில் தலையைப் படம் எடுத்தார்கள். சிறுமூளையில், எலுமிச்சம்பழம் அளவு. இது நுட்பமான இடம், பிள்ளைகளுக்கு இதையே செய்துகொண்டிருக்கிறவர்களிடம் போவது நல்லது என்றார் அங்கிருந்த டாக்டர்.

யாரிடம் போவது என்று தெரியாமல் இருந்தபோது வழி காட்டியவர் திருமலைராயன்பட்டினத்து சேக் அலாவுதீன் பாய். எஞ்சின் சாமான் கடை வைத்திருக்கிறாரே, நான் தினமும் போய் நிற்கும் இடம். அவர் அண்ணன் மகனுக்கும் இதே மாதிரி வந்து எர்ணாகுளத்தில் எடுத்தார்களாம். பையன் இப்போது காலேஜில் வாலிபால் ஆடுகிறான். பாய் கொச்சியில் பல வருஷம் வியாபாரம் செய்தவர், மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. அவரே பேசி, படங்களை அனுப்பி, அங்கே ஆபரேஷன் செய்யும் டாக்டர் அம்மாவை என்னோடு போனில் பேசவும் வைத்தார். அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை, “எடுக்கலாம்” என்பது. அக்கா, அன்றைக்குத்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அப்புறம் அந்த ஆஸ்பத்திரியில் கட்டில் காலியாகக் காத்திருந்தோம். வெள்ளிக்கிழமை நான் துறைமுகத்தில் ஒரு விசைப்படகின் எஞ்சினுக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். கையெல்லாம் எண்ணெய். போன் அடித்துக்கொண்டே இருந்தது. படகுக்காரர்தான் எடுத்து என் காதில் வைத்தார். தேதி சொன்னார்கள். எழுந்த வேகத்தில் மேலே இடித்துக்கொண்டேன், வலிக்கவே இல்லை. எண்ணெய்க் கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு ஜோவிதாவின் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சாக்பீஸோடு வெளியே வந்தவள், பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றும் நினைக்காமல் என் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டாள். கன்னத்தில் கிரீஸோடு போய்ப் பாடம் நடத்தினாளாம்.

வீடு இப்போது கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. சனிக்கிழமை மாலை நம்மூரிலிருந்தே புறப்படும் எர்ணாகுளம் ரயில். அப்பாவும் வருகிறார். பாயிடம் மலையாளம் கற்றுக்கொள்கிறார். தண்ணீருக்கு அங்கே வெள்ளம் என்று பெயர் என்று தெரிந்த நாளிலிருந்து, “ஜோவிதா, கொஞ்சம் வெள்ளம் குடும்மா” என்றுதான் கேட்கிறார். சுகிர்தாவிடம் நாங்கள் எதையும் மறைக்கவில்லை. அவள் வகுப்பில் போய், என் தலையைத் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் உட்காரும் தாமரைச்செல்வி, “அப்பிடியே பதினாறாம் வாய்ப்பாடு உள்ள இருக்கான்னு பாக்கச் சொல்லுடி” என்றாளாம். நம் பிள்ளைக்கு இருக்கும் ஒரே கவலை, ரயிலில் மேல் பெர்த் கிடைக்குமா என்பதுதான்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். மே மாதம் நம் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை. மறைக்கல்வி வகுப்பில் அவளும் படித்துக்கொண்டிருக்கிறாள். நேற்று ஜோவிதா என்னிடம், “ஏங்க, ரயிலுக்குப் போற அன்னிக்குக் காலையிலேயே பாப்பாவுக்குப் புதுநன்மை குடுக்கச் சொல்லிச் சாமியாரக் கேக்கலாமா?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எதுக்கு இப்ப, ஆபரேஷன் முடிஞ்சு வந்து மே மாசம் எல்லாப் பிள்ளைங்களோடயும் வாங்கட்டும் என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். ஜோவிதா துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடித்ததையே மறுபடி மடித்தாள்.

எல்லாவற்றையும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இன்று பூசை முடிந்து வரும்போது, “அப்பா, எனக்கு இப்பவே வேணும்” என்றாள். ஏன் பாப்பா என்றேன். “மயக்க மருந்து குடுத்தா நான் தூங்கிடுவேன். நீங்களும் அம்மாவும் வெளிய நிப்பீங்க. உள்ள என்ன பண்றாங்கன்னு பாக்க சேசுவாவது எனக்குள்ள முழிச்சிக்கிட்டு இருக்கணும்ல?”

நான் வண்டியைத் திருப்பிச் சாமியார் வீட்டுக்கு விட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, சனிக்கிழமை காலைப் பூசையில் என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் நீங்களும் அங்கே பூசையில் இருப்பீர்கள். பிள்ளையை நினைத்துக்கொள்.

உன் அன்புத் தம்பி,
நெல்சன்.


சேசு மரி சூசை

எர்ணாகுளம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி நெல்சன். ஆண்டவர் காப்பாற்றி நல்லபடியாக வந்து சேர்ந்தோம். சுகிர்தா வார்டில் ஜன்னல் ஓரக் கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை ஆபரேஷன். சனிக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

வெள்ளைக் கவுனைத் தைக்க நேரமே இல்லை. எதிர்வீட்டு உமாமகேஸ்வரி இருக்கிறாளே, தையல் மெஷின் வைத்திருப்பவள், அளவெடுத்த மறுநாளே கொண்டுவந்து போட்டுப் பார்த்தாள். “கூலி கீலின்னு பேசினா கவுனத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்” என்றாள். சனிக்கிழமை காலை அவளும் கோயிலுக்கு வந்தாள். தெருவே வந்தது. துறைமுகத்திலிருந்து படகுக்காரர்கள் வந்தார்கள். பாய் வெளியே மரத்தடியில் நின்றார். வார நாள் பூசைக்கு இத்தனை கூட்டத்தைப் பார்த்துச் சாமியாரே திகைத்துப்போனார். தவக்காலம் என்பதால் பீடத்தில் ஒரு பூ இல்லை. பூவெல்லாம் பிள்ளையின் தலையில்தான் இருந்தது. ஜோவிதா இரட்டைச் சடை போட்டு, கொள்ளுமட்டும் மல்லிகை வைத்திருந்தாள். அந்தக் கூந்தலைச் சீவ வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். நான் அவசரப்படுத்தவில்லை.

நற்கருணை நேரம் வந்ததும் நானும் ஜோவிதாவும் இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. எழுந்ததும் பிள்ளை எங்கள் இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். “நானே போறேன்” என்றாள். பெஞ்சிலிருந்து பீடம் வரை அவளாக நடந்தாள் அக்கா. இடது பக்கம் சாய்ந்தாள், ஒரு பெஞ்சைப் பிடித்தாள், நிமிர்ந்தாள், மறுபடி நடந்தாள். நடுவில் ஒருமுறை கால் பின்னியது. சாமியார் இறங்கி வரப் பார்த்தார். அவள் கையை நீட்டி, வேண்டாம் என்று காட்டினாள். பீடத்துக்குக் கீழே போய் நின்று வாயைத் திறந்தாள். ஆமென் என்று அவள் சொன்னது கடைசிப் பெஞ்சு வரை கேட்டது. அப்பா அழுததை நீ பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

மாலையில் ஸ்டேஷனுக்கும் பாதித் தெரு வந்தது. பூவோடுதான் ரயிலேறினாள். டாக்டர் அம்மா கீழ் பெர்த்தில்தான் படுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. தூக்கி மேலே உட்காரவைத்துவிட்டு, திருவாரூர் வரும்வரை சங்கிலியையும் அவள் காலையும் பிடித்துக்கொண்டே நின்றேன். குனிந்து ஜன்னல் வழியாக நாகூர் மினாராவைப் பார்த்தாள், வெட்டாற்றைப் பார்த்தாள், மேலே இருந்து பார்த்தால் எல்லாம் வேறு ஊர் மாதிரி இருக்கிறது என்றாள். அப்பா சாயா விற்கிறவனிடம் மலையாளத்தில் பேச, அவன் மன்னார்குடிக்காரனாக இருந்தான். பெட்டியே சிரித்தது.

இன்று டாக்டர் அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையிடமே எல்லாவற்றையும் சொன்னார். பின்பக்கம் மட்டும்தான் முடியை எடுப்போம், முன்னால் அப்படியே இருக்கும் என்றார். “சினிமா வில்லன் மாதிரி இருப்பேனா?” என்று கேட்டாள். அதைவிட அழகாக என்றார் அவர். என்னிடம் தனியாகப் பேசும்போது, எல்லா ஆபரேஷனிலும் இருப்பதுபோல இதிலும் ஆபத்து உண்டு, பேச்சும் நடையும் கொஞ்ச நாளைக்குத் தடுமாறலாம் என்றார். கையெழுத்து கேட்டார்கள். போட்டேன். இத்தனை நாள் உனக்கு எழுதும் கடிதங்களின் அடியில் போட்ட அதே கையெழுத்துதான், ஆனால் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

ஜோவிதா சிரித்த முகமாக இருக்கிறாள். நானும் அப்படியே. நாளை இந்நேரம் முடிந்திருக்கும்.

உன் தம்பி,
நெல்சன்.


சேசு மரி சூசை

எர்ணாகுளம்,
தவக்காலத்து ஐந்தாம் ஞாயிறு.

அன்புள்ள அக்காவுக்கு, எடுத்துவிட்டார்கள். முழுவதும் எடுத்துவிட்டார்கள்.

மதருக்குப் போனில் சொன்னது உன் காதுக்கு வந்திருக்கும். ஆனாலும் எழுத வேண்டும்போல இருக்கிறது. காலையில் உள்ளே தள்ளிக்கொண்டு போனவர்கள், மத்தியானம் போய், சாயங்காலம் ஆகியும் வெளியே வரவில்லை. ஜோவிதா ஜெபமாலையை விடவே இல்லை. அப்பா ஜன்னலைப் பார்த்து நின்றவர் நின்றபடியே இருந்தார். கதவைத் திறந்த டாக்டர் அம்மா முதலில் சிரித்தார், அப்புறம்தான் பேசினார். கீழே ஓடிப்போய் டீ வாங்கிவந்து, அந்த வராந்தாவில் காத்திருந்த எல்லோருக்கும் கொடுத்தேன். யார் எவர் என்று பார்க்கவில்லை. அவர்களும் ஏன் என்று கேட்காமல் வாங்கிக் குடித்தார்கள். அந்த வராந்தாவில் அதற்குக் காரணம் கேட்பவர் கிடையாது.

மறுநாள் கண் திறந்தாள். என்னையும் ஜோவிதாவையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, “பசிக்குது” என்றாள். அப்பா உடனே நர்ஸிடம் ஓடினார். பேச்சு இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. இடது கையில் கரண்டியைப் பிடித்தால் நடுங்குகிறது. பயிற்சி கொடுக்கும் பெண் தினமும் வந்து பந்தைப் பிடிக்கச் சொல்கிறாள். நேற்று என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தாள். கீழே காயலில் கரண்டில் ஓடும் படகுகள் போகின்றன. வெகுநேரம் பார்த்துவிட்டு, “அப்பா, சத்தமே இல்ல. இந்த ஊர்ல ஒங்களுக்கு வேல கெடைக்காது” என்றாள். வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன்.

பாஸ்குவுக்குள் ஊருக்கு வந்துவிடலாம் என்கிறார்கள். தெருவில் பந்தல் போடப் போகிறார்களாம். உமாமகேஸ்வரி தினமும் போன் செய்கிறாள்.

எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது எந்த வகை, மறுபடி வளரக்கூடியதா என்று வரும் வாரம் தெரியும். பெரும்பாலும் சாதுவானதாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர் அம்மா. பெரும்பாலும் என்ற சொல்லை ஜோவிதா ஊரில் யாரிடமும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. எல்லாம் முடிந்தது என்றே சொல்கிறோம். போனில் எல்லோரும் நன்றிப் பூசை வையுங்கள் என்கிறார்கள். வைக்கத்தான் வேண்டும்.

நீயும் ஆண்டவருக்கு நன்றி சொல் அக்கா. சொல்லிவிட்டு எழுந்துவிடாதே. இன்னும் கொஞ்சம் முழங்காலிலேயே இரு.

உன் தம்பி,
நெல்சன்.