நிலைக்கு மேல் ரெண்டு இஞ்ச்

ஜூன் 1, திங்கள்
விடியும்போதே காற்று. ஆரல்வாய்மொழிக் காற்று முழுக்க எங்க புது மரவீட்டு மேலேதான். தையில் வெட்டி மாசியில் சுவரா அடுக்கின அயினி மரத்தடி, இப்போ டப் டப்னு வெடிக்குது. தெற்குச் சுவர் வெடிப்பில் என் சுண்டுவிரல் உள்ளே போகுது.
ஆசாரியிடம் கேட்டால், "பச்சைத் தடி காயும்போ வெடிக்கத்தான் செய்யும். நீங்க காத்துகிட்ட சொல்லுங்கம்மா." நக்கல்.
செய்ய வேண்டியது: புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் பானை. லீவு லெட்டர். தடி முனைக்கு மெழுகு (வெட்டினவுடனே பூசச் சொன்னேன். யார் கேட்டா).

ஜூன் 3, புதன்
வாசல் கதவு இறுகிப்போச்சு. தோளால் இடிச்சும் அசையல. தோள்தான் வலிக்குது.
11ஆம் தேதி பால்காய்ச்சு. தவறினா ஆனி, ஆடி ஆகாது, ஆவணிதான். அதுவரை இவரோட அண்ணன் (எனக்கு அத்தான்) வீட்டிலேயே. பதினாலு வருஷம் ஆச்சு. அத்தானோட மனைவி, அக்கா இறந்தபிறகும் அடுக்களை அவங்க வச்ச மாதிரியே இருக்கணும். ஒரு டப்பாவை இடம் மாத்தினா, சாயங்காலத்துக்குள் அத்தான் பழைய இடத்தில் வச்சிருப்பார். என்னால இனி முடியாது.
இவர் காற்றாலை டியூட்டியிலிருந்து போனில்: "கொஞ்சம் எண்ணெய் போட்டுப் பாரேன்."
கதவுக்கா, எனக்கா?

ஜூன் 5, வெள்ளி
ஸ்கேல் வச்சு நானே அளந்தேன். தடி காயக்காய ஒல்லியாகும், சுவர் உயரம் குறையும். நட்டமா நிற்கிற வாசல் நிலை குறையாது. அதனால நிலைக்கு மேல் ரெண்டு இஞ்ச் சும்மா விட்டு, பலகையால் மறைச்சிருந்தோம், சுவர் இறங்க இடம் வேணும்னு. இன்னிக்குப் பலகையைக் கழற்றினா உள்ளே சிமெண்ட். மரவீட்டில் சிமெண்ட்! மேல்தடி எல்லாம் நிலைத் தலையில் உட்கார்ந்திருக்கு. கதவு எப்படித் திறக்கும்?
ஆசாரி தலையில் அடிச்சு சத்தியம். "நான் இல்லம்மா. நிலை வச்ச அன்னைக்கு பெரியவருதான் சாந்துச் சட்டியும் கரண்டியுமா நின்னாரு."
பெரியவர்னா அத்தான்.

ஜூன் 7, ஞாயிறு
இவர் வந்தார். அண்ணனிடம் கேட்கமாட்டார். "நீயே கேளு." நல்ல ஆம்பிளை.
கேட்டேன். அத்தான் பேப்பரை மடிச்சார். "நிலைக்கு மேல வெளிச்சம் தெரிஞ்சா குடும்பம் பிரிஞ்சி போவும்னு சொல்லுவாவ மக்கா. அதான் அடைச்சேன்."
"அத்தான், பிரிஞ்சு போகத்தான நாங்க வீடே கெட்டுதோம்."
வாயிலிருந்து வந்துட்டு.
"அது தெரியும்லா" என்றார். பேப்பரைத் திரும்ப விரிச்சார்.


ஜூன் 9, செவ்வாய்
லாரி ஜாக்கி கொண்டுவந்து மேல்தடியைத் தூக்கி நிறுத்தி, ஆசாரி உளியால் சிமெண்டைக் கொத்தினார். ரெண்டு மணி நேரம். கண் முழுக்கத் தூசி. ஜாக்கியை மெல்ல இறக்க, மொடுக்னு ஒரு சத்தம், சுவர் ஒரு இஞ்ச் கீழே வந்துட்டு. நிலைக்கு ரெண்டு பக்கமும் தடிக்குத் தடி இருந்த இடைவெளியெல்லாம் மூடிச்சு. கதவை ஒரு விரலால் தள்ளினேன், திறந்தது. இன்னும் இறங்குமாம். இறங்கட்டும்.
அத்தான் மாமரத்தடியில் நின்னு பார்த்தார். கிட்ட வரல.

ஜூன் 10, புதன்
சாமான் பாதி புது வீட்டுக்குப் போச்சு. மிக்ஸி மூடி காணோம். பால் ஆறு லிட்டர் சொல்லியாச்சு. ஊரெல்லாம் நேரில் போய் அழைச்சாச்சு. அத்தானை அழைக்கல. ஒரே வீட்டில் இருக்கிற மனுசனை என்னன்னு போய் அழைக்க?
சாயங்காலம் அவரே அடுக்களை வாசலில் வந்து நின்னார்.
"பால்காய்ச்சு எத்தன மணிக்கு மக்கா?"
"ஆறு மணிக்கு அத்தான்."
"நான் வரலாமா?"
இது என்ன கேள்வின்னு கத்திட்டேன். பதினாலு வருஷத்தில் அத்தானிடம் சத்தம் போட்டது இன்னிக்குத்தான்.