ஆடி மாசத்தில் வந்த பம்பாய் போன்

ஆவடி
28-7-94

அன்பு மகள் தாட்சாயிணிக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உங்க நைனாவும் சுகமா கீறோம், நைனாவோட வாய் மட்டும் கொஞ்சம் அதிகமாவே சுகமா கீது, அதப் பத்தித்தான் இந்த லெட்டரு. நீ டெல்லியில அந்த ஹாஸ்டல் சப்பாத்தியத் தின்னுகினு உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும். நான் குடுத்த தந்தி கிடைச்சிருக்கும். தந்தியில விஷயத்த மட்டும்தான் சொல்ல முடியும், திட்டறதுக்கு இடம் பத்தாது, அதான் உக்காந்து எழுதறேன்.

போன மாசம் நீ எழுதி அனுப்பின வேலை தேடற திட்டத்த ரெண்டு தரம் படிச்சேன். ஆகா, கவர்மென்டு போடற ஐந்தாண்டுத் திட்டம்கூட இவ்ளோ சுத்தமா இருக்காது. வக்கீல் படிப்பு இன்னும் முடியல, அதுக்குள்ள எந்த மாசம் எந்த ஆபீசுக்கு பயோடேட்டா அனுப்பணும், லீவுல எந்த சீனியர்கிட்ட போய் நின்னு வேலை கத்துக்கணும், முதல்ல பம்பாய், அப்புறம் டெல்லி, அதுக்கப்புறம் பெங்களூருன்னு எல்லாம் எழுதிட்டு, கடைசி வரியில, எங்கயும் ஒண்ணும் கிடைக்கலேன்னா பூந்தமல்லி கோர்ட்டுன்னு போட்டிருந்த பாரு, ரொம்ப சந்தோஷம்மா. பெத்தவங்க இருக்கற பக்கம் ஞாபகத்துக்கு வந்துச்சே, அதுவே பெரிசு. உங்க நைனா மத்ததெல்லாம் விட்டுட்டு அந்தக் கடைசி வரிய மட்டும் படிச்சிட்டு, மறுநாளே பஸ் ஏறிப் போயி பூந்தமல்லியில கங்காதரன் வக்கீலப் பாத்து உன்ன ஜூனியரா சேத்துக்கச் சொல்லிட்டு வந்துட்டாரு. அவரு ரிடையர் ஆனா இந்த ஃபாக்டரி குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு வேலப்பன்சாவடி மனையில ஊடு கட்டுவோமில்ல, அதுல முன்ரூம் உன் ஆபீசுக்குன்னு நானும் மனசுக்குள்ளயே மேசை நாற்காலி எல்லாம் வாங்கிப் போட்டுட்டேன். பைத்தியக்காரி நான்.

இவ்ளோ திட்டம் போட்ட மகராசி, ஹாஸ்டல் போன் எப்பவும் கிடைக்காதுன்னு பக்கத்து ஊட்டு ரோஷன் பேகம் நம்பர பயோடேட்டாவுல போட்டிருக்கியே, அத எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு மட்டும் திட்டத்துல வரல பாரு. திங்கக்கிழமை நான் ரேஷன் கடையில நின்னுகினு இருக்கேன், பம்பாயிலேர்ந்து போன் வந்திருக்கு. ரோஷன் பேகம் கூப்பிட்டு, நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டுத் தூங்கிக்கினு இருந்த உங்க நைனா லுங்கியோட ஓடியிருக்காரு. பம்பாயில ஒரு பையன் கீறான், அவங்கம்மா பேசுவாங்கன்னு உங்க பஞ்சவர்ணம் அத்தை சொன்னதுலேர்ந்து ரெண்டு மாசமா இவருக்கு அந்த போன் மேலயே கண்ணு. அந்தப் பக்கம் ஒரு அம்மா நல்ல தமிழ்ல, தாட்சாயிணி ஊடுதானே, பொண்ணு பம்பாயில வந்து இருக்கச் சம்மதிப்பாளான்னு கேட்டிருக்கு. ஏதோ கம்பெனி பேரும் சொல்லிச்சாம், அது பையன் வேலை செய்யற இடம்னு இவரா முடிவு பண்ணிக்கிட்டாராம்.

அப்புறம் கேக்கணுமா. பொண்ணு நல்ல நிறம்னு சொன்னாராம். வத்தக்குழம்பு பிரமாதமா வெப்பான்னு சொன்னாராம், நீ வெச்ச வத்தக்குழம்ப இந்த ஊட்ல எவன் தின்னான்? அதோட விட்டாரா, எங்க பொண்ணு அதிர்ந்து பேசமாட்டா, யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதுன்னு அடிச்சு விட்டிருக்காரு. வக்கீல் வேலைக்கு இதவிட நல்ல சிபாரிசு எந்த அப்பன் குடுப்பான் சொல்லு. கடைசியா அந்தம்மா ஆகஸ்ட் பன்னெண்டாந்தேதி பொண்ண நேர்ல வரச் சொல்ல, இவரு ரோஷப்பட்டுக்கினு, நாங்க பொண்ண அனுப்பிக் காட்டற பழக்கம் இல்ல, ஆடியில நல்ல காரியமும் பேசறதில்ல, ஆவணி பொறக்கட்டும், நீங்களே குடும்பத்தோட வந்து பாருங்கன்னுட்டாரு. அந்தம்மா பாவம், சரிங்கன்னு ஒரு நம்பரக் குடுத்துட்டு வெச்சிடுச்சு.

நான் வந்து பாத்தா மனுஷன் கேசரி கிளறிக்கினு கீறாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, வேற என்ன சொன்னாங்கன்னேன். வரும்போது மார்க்‌ஷீட் எல்லாம் எடுத்தாரச் சொன்னாங்கன்னாரு. ஏங்க, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எதுக்கு மார்க்‌ஷீட் கேக்கறாங்கன்னேன். படிச்ச குடும்பம், அப்படித்தான் கேப்பாங்கன்றாரு. இது சம்பந்தம் பேசற போன் இல்ல, நீ பயோடேட்டா அனுப்பின ஆபீசுன்னு எனக்கு அங்கயே விளங்கிடுச்சு. சத்தியமா சொல்றேன் தாட்சாயிணி, அந்த நிமிஷம் என் மனசு என்ன சொல்லிச்சு தெரியுமா, வசந்தா, வாய மூடிக்கினு கேசரியத் தின்னு, இப்பிடியே ஒவ்வொண்ணாப் போனா அந்தக் கடைசி வரி தானா வந்துடும், பொண்ணு ஊட்டுக்கு வந்துடுவான்னு சொல்லிச்சு. யாருக்குத் தெரியப் போவுது. ஆனா கேசரித் தட்ட அப்பிடியே தள்ளி வெச்சிட்டேன்.

மறுநாள் காலையில எஸ்.டி.டி. பூத்துக்குப் போயி அந்த நம்பருக்கு நானே பேசினேன். எங்க ஊட்டுக்காரரு பொண்ணு கேக்கறீங்கன்னு நினைச்சிட்டாருங்க, எங்க பொண்ணு ஆடியிலயும் வருவா, அமாவாசையிலயும் வருவான்னேன். அந்தம்மா சிரிச்ச சிரிப்புல பூத்துக்காரனே திரும்பிப் பாத்தான். அப்புறம், எதிர்த்துப் பேசவே மாட்டாளாமேன்னு கேட்டுச்சு. அம்மா, பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து என்கிட்ட வாதாடிக்கினு கீறா, ஒரு கேசுல கூட நான் ஜெயிச்சதில்லன்னேன். அப்ப கண்டிப்பா வரச் சொல்லுங்கன்னுடுச்சு. உங்க நைனா ஒரு நாள் முழுக்க மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருந்துட்டு, நேத்து அவராவே கங்காதரன் வக்கீல்கிட்ட போயி வேற ஆள் பாத்துக்கச் சொல்லிட்டு வந்துட்டாரு. மிச்சக் கேசரியும் அவருதான் தின்னாரு.

ரயில்ல ஜாக்கிரதையாப் போ, மார்க்‌ஷீட்ட பெட்டியில போடாத, கைப்பையில வெச்சுக்கோ. அங்க போயி உங்க நைனா சொன்ன மாதிரி அடக்கமா உக்காந்துடாத. ரெண்டு பேரோட ஆசீர்வாதமும் உனக்கு எப்பவும் உண்டு. ஒரு வேலை மட்டும் மறக்காம செய், உன் திட்டத்துல அந்தக் கடைசி வரிய அடிச்சிடு. எங்கயும் ஒண்ணும் கிடைக்காதவ வந்து சேர்ற இடமாடி நம்ம ஊடு? எல்லாம் கிடைச்சவளா வா. முன்ரூம யாருக்கும் வாடகைக்கு விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன்கிட்ட எப்பவும் தோக்கற அம்மா
கு. வசந்தகுமாரி