எட்டுப் பாட்டும் கேட்டேன்

கோட்டைமேடு, கோவை
ஜமாதுல் ஆகிர் பிறை 22

என் கண்ணு ரம்ஷாவுக்கு, அம்மா பக்ருன்னிசா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நன்றாக இருக்கிறேன். உன் மாமி, அத்தாவின் அக்கா உம்மல் குல்சும், முட்டி வலியைத் தவிர நன்றாக இருக்கிறார். சென்னையில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க துஆ செய்கிறேன்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் பேசினால் நீ அழுகிறாய். நீ அழுதால் நான் உன்னைத் தேற்றப் போய்விடுகிறேன். சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. காகிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. அஞ்சாவது வரைக்கும் படித்த கையெழுத்து, பொறுத்துப் படி. மூன்று நாளாக, மதியம் சாப்பிட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். மாடி வீட்டு அன்புமணி நாளைக்கு பேங்குக்குப் போகும்போது கூரியரில் போட்டுவிடுகிறேன் என்றாள்.

ஜனவரி மூன்று சனிக்கிழமை நம் ஊரில் நடக்கிற உன் கச்சேரி வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்றாய். இந்த மாசம் இருபதாம் தேதிக்குள் கச்சேரி நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றாய். இரண்டு காரணம் சொன்னாய். அத்தா போனதற்காக அம்மா இருக்கிற இத்தா ஜனவரி நாலாம் தேதிதான் முடிகிறது, அதுவரை அம்மா வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, அம்மா இல்லாமல் சொந்த ஊரில் பாட மாட்டேன் என்றாய். அது ஒன்று. இன்னொன்று, உன் ஆல்பத்தைத் திட்டி ஒருத்தர் எழுதியது. அவர் எழுதினது சரிதான் அம்மா, பெத்த அத்தாவுக்கே பிடிக்கலையே என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். இரண்டுக்கும் பதில் இதில் இருக்கிறது. கடைசி வரை படித்துவிட்டு முடிவெடு.

முதலில் விமர்சனம். எனக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்காதே. 'வெள்ளிக்கிழமை விடுமுறை' வெளிவந்த நாளிலிருந்து அதைப் பற்றி வந்தது ஒன்று விடாமல் எனக்குத் தெரியும். அன்புமணி சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு கீழே இறங்கி வருவாள். ஏனுங்க அக்கா, நம்ம ரம்ஷாவைப் பத்திப் புதுசா ஒண்ணு வந்திருக்குதுங்க என்று போனை எடுப்பாள். இங்கிலீஷில் இருந்தால் தமிழில் சொல்வாள். உள்ளறையில் நான், கட்டிலில் உன் மாமி, தரையில் அவள். இந்த நாலு மாசத்தில் எனக்கு நல்லபடியாகப் போன நேரம் அதுதான்.

மாமி முதல் நாள் என்னைப் பிடித்துக்கொண்டார். ஏம்மா பக்ரு, இத்தாவுல இருக்கறவளுக்குப் பாட்டு ஒரு கேடா என்றார். சத்தத்தைக் குறைத்து வைத்தேன். நாலாவது நாள், அந்தப் பொண்ணு ரயிலைப் பத்திப் பாடுமே, அந்த அஞ்சாவதை வை, சத்தமா வை, என்னத்துக்குத் திருட்டுத்தனமாக் கேக்கறே என்றார். இப்போது மேட்டுப்பாளையம் ரயில் கூவுகிற இடம் வந்தால் முட்டி வலியோடு கால் ஆட்டுகிறார்.

புகழ்ந்து எழுதியவர்கள் ஆறு பேர். அந்த இங்கிலீஷ் பேப்பர்காரர் அஞ்சு நட்சத்திரத்துக்கு நாலரை கொடுத்தாரே, அவரைப் பற்றி நீ ரொம்ப சந்தோஷப்பட்டாய். நான் அன்புமணியிடம் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். முதல் மூன்று பாட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து கிளாரினெட், அந்தக் காலத்து அக்கார்டியன், தேன், பால் என்று எழுதியிருக்கிறார். மீதி அஞ்சு பாட்டை அவர் கேட்கவே இல்லை கண்ணு. கேட்டிருந்தால் ரயிலை விட்டிருப்பாரா?

திட்டியவர் எட்டையும் கேட்டிருக்கிறார். எந்தப் பாட்டில் எந்த இடம் என்று விரல் வைத்துச் சொல்லியிருக்கிறார். அன்னைக்கு அன்புமணி படியிலேயே நின்றுவிட்டாள். அந்தாளு நல்லாத் திட்டிப்போட்டாருங்க அக்கா, படிக்கட்டுங்களா வேண்டாங்களா என்றாள். படி என்றேன். மாமி, அவன் ஊடு எங்கே இருக்குதுன்னு கேளு என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து வெங்கடபதி நாயுடு வருஷா வருஷம் தீபாவளிக்கு நம்ம கட்பீஸ் கடைக்கு வருவாரே, உனக்கு ஞாபகம் இருக்கும். நூல் தடிப்பு, கரை கோணல், இது துணியா கோணியா என்று ஒரு மணி நேரம் பேசுவார். கடைப் பையன்கள் அவரைக் கண்டால் ஓடுவார்கள். அத்தா மட்டும் அவருக்கு டீ சொல்வார். புரட்டிப் பார்க்கிறவர் வருகிறார், மரியாதையாகப் பேசு என்பார். பேசி முடித்து இருபது மீட்டர் கிழித்துக்கொண்டு போவார் நாயுடு. உன் விமர்சனக்காரரும் அந்த ரகம். அவருக்கு நீ டீ சொல்ல வேண்டும், அழக் கூடாது.

அவர் சொன்னதில் இரண்டு சரி. மூன்றாவது பாட்டில் வயலின் ரொம்ப அதிகம் என்கிறார். நிஜம்தான். கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது. உன் குரல் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு பழைய ரிக்கார்டு மாதிரி கொரகொரவென்று சத்தம் சேர்த்தது வேஷம் என்கிறார். அதுவும் நிஜம். முதல் தடவை கேட்டபோது போன் கெட்டுவிட்டது என்று நினைத்து உள்ளங்கையில் தட்டினேன். இனிமேல் அது வேண்டாம்.

ஆனால் தான் பிறக்காத காலத்துக்காக இந்தப் பெண் அழுகிறாள், அது இரவல் அழுகை என்று எழுதியிருக்கிறாரே, அங்கே அவருக்குத் தப்பிவிட்டது. அழுகை எது, எது இல்லை என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் நன்றாகச் சொல்வேன், நாலு மாசமாக எனக்கு அதுதான் வேலை. நீ அழவில்லை. எட்டுப் பாட்டிலும் ஒரு இடத்தில்கூட அழவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் கடை லீவு, பிரியாணி தின்றாயிற்று, மழை வரும்போல இருக்கிறது, எங்கேயும் போக வேண்டியதில்லை. அந்த சந்தோஷத்தைத்தான் பாடியிருக்கிறாய். அது உன் சொந்த வீட்டில், உன் சொந்தக் கண்ணால் பார்த்தது. மெட்டுதான் பழசு. பழைய மெட்டில் பாடினால் அழுகை என்று அவருக்கு யார் சொன்னது? நேரில் பார்த்தால் இதை நானே கேட்பேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஜூலையில் எட்டுப் பாட்டையும் அத்தாவின் போனுக்கு அனுப்பினாய். மூன்று வாரம் கழித்து அவர், கேட்டேன் கண்ணு, நேர்ல பேசிக்கலாம் என்று மட்டும் சொன்னார். பிடிக்கவில்லை, அதனால்தான் மழுப்புகிறார் என்று நீ எடுத்துக்கொண்டாய். மீலாதுக்கு நீ வருவதாக இருந்தது. அதற்குப் பதினோரு நாள் முன்னால் அவர் கடையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மய்யித்து எடுப்பதற்குள் நீ வந்தாய். அன்றைக்கு நீ அவர் முகத்தைப் பார்த்ததில் ஒரு கேள்வி இருந்தது. நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

அவர் கேட்டார் ரம்ஷா. மூன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டார். போனில் மாட்டிக் கேட்கிற அந்த வயரின் ஒரு முனை அவர் காதில், இன்னொரு முனை என் காதில். அக்கா முழிச்சுக்கப்போகுது, ஆடாதே பக்ரு என்று என்னை மிரட்டிவிட்டு அவரே தாளம் போட்டார். கடைக்குப் புதுத் துணி வந்தால் அவர் என்ன செய்வார் என்று உனக்குத் தெரியும். விரலைத் தண்ணீரில் நனைத்து ஒரு மூலையைத் தேய்ப்பார், பிறகு வெள்ளைத் துணியில் ஒற்றுவார். வெள்ளையில் நிறம் ஒட்டினால் பண்டலைத் திருப்பி அனுப்பிவிடுவார். மூன்றாவது வெள்ளிக்கிழமை எட்டாவது பாட்டு முடிந்ததும் காதில் இருந்து வயரை எடுத்தார். பக்ரு, நானும் தேச்சுத் தேச்சுப் பார்க்கறேன், சாயம் வுடலை, இது நின்னு உழைக்கும் என்றார். இரண்டாவது பாட்டு மட்டும், கடை சாத்தற நேரத்துக்குத் துணி கிழிக்கற மாதிரி அவசரப்படறா, வரட்டும் சொல்லறேன் என்றார். போன்ல சொன்னா அந்தப் புள்ளை மொகத்தைப் பார்க்க முடியாதே, நேர்ல சொல்லிக்கலாம், நீ ஒண்ணும் ஒளறிப்போடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சத்தியத்துக்காகச் சொல்லாமல் இருந்தேன் என்று எழுதினால் பொய். அவர் கடைசியாக ரொம்ப சந்தோஷமாகப் பேசியது அந்தப் பேச்சுதான். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பற்றி எனக்குச் சொன்னார்கள், நானும் எல்லோருக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல எல்லாம் தீர்ந்துபோகிற மாதிரி இருந்தது. இது ஒன்றை மட்டும் எனக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். உனக்குச் சேர வேண்டியதை நான் பிடித்துவைத்துக்கொண்டேன். அதனால் நீ நாலு மாசம் தப்பான நினைப்பில் இருந்தாய். என்னை மன்னித்துவிடு. இப்போது எழுதியாயிற்று. எழுதிய பிறகு பார்த்தால் எனக்கு ஒன்றும் குறையவில்லை.

இனி உன் முதல் காரணம். போன் காலண்டரைப் பார்த்து ஆகஸ்ட் இருபத்தஞ்சில் இருந்து நாலு மாசம், அதற்கு மேல் பத்து நாள், ஜனவரி நாலு என்று எண்ணிச் சொன்னாய். படித்த பிள்ளை சொல்கிறதே என்று நானும் சுவர்க் காலண்டரில் நாலாம் தேதிக்கு வட்டம் போட்டேன். போன வாரம் மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். இது எந்தப் புத்திசாலி போட்ட வட்டம், நோம்புக்குப் பிறை பார்க்கறே, பெருநாளுக்குப் பிறை பார்க்கறே, இத்தாவுக்கு மட்டும் இங்கிலீஷ் மாசமா என்றார். எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றியது போல ஆகிவிட்டது. இத்தனை வருஷம் தொழுதும் இது உறைக்கவில்லை பார்.

அத்தா மவுத்தானது ரபீவுல் அவ்வல் முதல் பிறை. அதிலிருந்து நாலு பிறை மாசம், பத்து நாள். பிறை மாசம் இருபத்தொன்பது நாள், மிஞ்சினால் முப்பது. எல்லாவற்றையும் முப்பது என்று வைத்து எண்ணினாலும் ஜனவரி இரண்டு வெள்ளிக்கிழமைக்கு மேல் போகாது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் மாமி ஆள் விட்டுக் கேட்டுவிட்டார். அம்மாவுக்குச் சனிக்கிழமை தடை ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். ஆக, உன் கச்சேரிக்கு நான் வருகிறேன். மாமியும் வருகிறார். பாட்டுக்காக இல்லை, பக்ருவுக்குத் துணைக்கு என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். அன்புமணி லீவு போட்டாயிற்று.

அதனால் கச்சேரி உண்டு என்று இன்றைக்கே அவர்களுக்குச் சொல்லிவிடு. எட்டையும் பாடு. வயலின்காரர்களைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல். இரண்டாவது பாட்டை அவசரமில்லாமல் பாடு. அந்த விமர்சனக்காரர் வருவாரானால் முன் வரிசையில் உட்கார வை. நீ நன்றாகப் பாடுவாய், அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கார் அனுப்புகிறேன் என்று சொல்லாதே. நாலு மாசமாக நான் வாசல்படி தாண்டவில்லை. கல்யாணமாகி வந்த முப்பத்தொரு வருஷமும், வெளியே கிளம்பினால் அத்தா முதலில் இறங்கிப் போய்த் தெருவில் நின்றுகொள்வார். நான் பூட்டை இழுத்துப் பார்த்து, செருப்பை மாட்டி வரும்வரை, எத்தனை நேரம்தான் என்று முணுமுணுத்துக்கொண்டு அங்கேயே நிற்பார். நிமிர்ந்து பார்த்தால் அவர் இருப்பார். கச்சேரி நாளில் உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். இருந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு நம் வீட்டு வாசலில் நீ வந்து நில் கண்ணு.

அல்லாஹ் உன் குரலுக்கும் உன் நெஞ்சுக்கும் பலம் கொடுப்பானாக.

உன் வருகையைப் பார்த்திருக்கும்
அம்மா
பக்ருன்னிசா