கடைக்காரன் தின்னும் முதல் பழம்

மக்கா,

மட்டி வாழைக்குலை பழுத்த வாசம் கடை முழுக்க நிற்கிறது, வாங்கத்தான் ஆளில்லை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், யாருக்கோ நிபா என்று டிவியில் சொல்லிவிட்டான். இரணியல் சந்தையில் பழக்கடைப் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை. நீ இருந்தபோது வந்த அதே வவ்வால் பயம்.

அப்போது நமக்குக் கூட்டு வியாபாரம். வவ்வால் கடித்ததைப் பொறுக்கிக் குழியில் போட்டு மூடிவிட்டு, நல்ல பழம் ஒன்றை ஆட்கள் பார்க்க உரித்துத் தின்பாய். "நான் தின்னு செத்தா நீ வாங்காண்டாம்." வருகிற ஒவ்வொருவருக்காகவும் ஒரு பழம். பழம் விற்றது.

"ஏலே, உனக்குச் சீனி வியாதி உண்டு, மறந்துட்டியா?" என்றேன்.

"சீனி யாருக்குடே இல்ல? அதையெல்லாம் டிவில சொல்லுவானா?"

கால்விரல் புண்ணில் துணியைச் சுற்றிக்கொண்டு சந்தைச் சகதியில் நடந்தாய். மாத்திரை கல்லாப்பெட்டியிலேயே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் காலை வெட்டி எடுத்தும் நிற்கவில்லை. புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறி, காய்ச்சலோடு போய்விட்டாய். பழக்கடைக்காரன் காய்ச்சலில் செத்தான் என்றால் ஊருக்கு வேறென்ன வேண்டும்? மாதாகோயில் மணி அடித்தும் சவப்பெட்டி தூக்க ஆள் வரவில்லை. ரோட்டில் இறங்கிக் கத்தினேன்: "வவ்வால் இல்லடே, சீனி. உங்க அடுக்களை டப்பாவுல இருக்கே, அதுதான்." உன் மச்சான்மாரும் நானும் ஒரு லோடுமேனுமாகத் தூக்கினோம். மாஸ்க்கை இறக்கி இறக்கிச் சாயா குடித்தபடி சந்தை தூர நின்று பார்த்தது.

நிபா பொய்யென்று நான் சொல்லவில்லை. வந்தால் கொல்லும். ஆனால் இந்தச் சந்தையில் காலும் கண்ணும் போனவர்களை வவ்வாலா கடித்தது?

நேற்று வியாபாரிகள் சங்கத் தலைவர் வந்தார். "அண்ணாச்சி, கொஞ்ச நாள் கடையை அடையும். எதுக்கு வம்பு?"

"கடிச்ச பழம் ஒண்ணு எடுத்துக் காட்டும், இப்பவே அடைக்கேன். இல்லைன்னா கையை நீட்டும்."

தராசுக்குப் பக்கத்தில் சீனி பார்க்கிற மெஷின் வைத்திருக்கிறேன். ஆளுக்கொரு புது ஊசி. வைதுகொண்டேதான் நீட்டினார். மெஷின் முந்நூறுக்கு மேல் காட்டியது. கடை அடைக்கிற கதையை விட்டுவிட்டு எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று கேட்டார்.

கடை திறந்துதான் இருக்கிறது, மக்கா. உன் வழக்கத்தையும் விடவில்லை. முதல் பழத்தை ஆட்கள் பார்க்க நான்தான் தின்கிறேன், ஒன்றே ஒன்று. அதற்கு முன், அவர்கள் பார்க்கவே, என் விரலைக் குத்துகிறேன்.