எட்டு நிமிடம் மூத்தவளுக்குக் கடவுச்சீட்டு இல்லை

அனுப்புநர்:
ஒஃபெலியா பாரியெந்தோஸ் (வயது 57),
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
ஆற்றங்கரைத் தெரு, எல் சோலித்தோ, டெக்சஸ்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
தென்னெல்லைக் கடவுச்சீட்டு அலுவலகம்.

பொருள்: ஒரே வீட்டில், ஒரே காலையில், ஒரே மருத்துவச்சி கையில் பிறந்த இருவரில் ஒருவர் குடிமகன், மற்றவர் சந்தேகத்துக்குரியவர் என்ற தங்கள் முடிவை மறுபரிசீலனை செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் தம்பி எலிசியோவும் இரட்டையர். 1961 மார்ச் 3 அன்று, நாட்டெல்லையான ஆற்றுக்கு இக்கரையில், இதே தெருவில் பிறந்தோம். நான் 11.50க்கு, அவன் 11.58க்கு. பிரசவம் பார்த்தவர் மருத்துவச்சி கசில்டா அம்மாள். எலிசியோவுக்கு 2003இல் கடவுச்சீட்டு தந்தீர்கள். பத்தாண்டு கழித்துப் புதுப்பித்தும் தந்தீர்கள். இவ்வாண்டு நான் விண்ணப்பித்தேன். அக்கரையில், அயல்நாட்டில் பிறந்த சில குழந்தைகளை இக்கரையில் பிறந்ததாக எழுதிக் கொடுத்தவர் அந்த மருத்துவச்சி, ஆகவே என் பிறப்புச் சான்றிதழை ஏற்க இயலாது என்று பதில் வந்தது. அப்படியானால் என்னை அங்கே பெற்றுவிட்டு, எட்டே நிமிடத்தில் ஆற்றைக் கடந்து வந்து தம்பியை இங்கே பெற்றாரா என் தாயார்? அவர் திடகாத்திரமான பெண்மணிதான். ஆனாலும் அவ்வளவு இல்லை ஐயா.

2. பிறப்பை நேரில் கண்ட சாட்சி கேட்டுள்ளீர்கள். தாயாரும் மருத்துவச்சியும் காலமாகிவிட்டனர். அந்த அறையில் இருந்த இன்னொருவன் எலிசியோ. ஆனால் அவன் அப்போது வெளியே வந்திருக்கவில்லை. எதையும் பார்த்திருக்க முடியாது.

3. குடிமக்களை மட்டுமே அழைக்கும் ஜூரிப் பணிக்கு நீதிமன்றம் என்னை மூன்று முறை அழைத்தது. டிராக்டர் திருடிய ஒருவரைக் குற்றவாளி என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. நான் குடிமகள் இல்லையென்றால் அந்தச் செய்தியை அவருக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

4. ஆகஸ்டில் நேரில் வந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா வாயும் வயிறுமா இருந்தப்போ எடுத்த போட்டோ ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார். பருத்தி எடுக்கப் போனவர்களிடம் கேமரா ஏது? "எட்டு நிமிஷம் பொறுத்து வந்திருந்தா நீயும் அமெரிக்காக்காரி ஆயிருப்பே. எதுலதான் உனக்கு அவசரமில்ல?" என்று எலிசியோ அன்றிலிருந்து தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். இதற்கும் தங்கள் அலுவலகமே பொறுப்பு.

5. இப்போது உண்மையாகவே அவசரம். டிசம்பர் 1 அன்று அக்கரையில் எனக்குத் திருமணம். மணமகன் ராமிரோ, ரொட்டிக்கடைக்காரர். இங்கே வர அவருக்கு விசா கிடைக்கவில்லை. நான் பாலம் தாண்டிப் போவதை யாரும் தடுக்கப்போவதில்லை, திரும்பத்தான் விடமாட்டார்கள். என் வீடும் இருபத்தாறு ஆண்டு வேலையும் இங்கே இருக்க, நான் அங்கே நிற்பேன். முதல் கணவர் போய்ப் பதினோரு ஆண்டு தனியாக இருந்தவள் நான். இந்த வயதில் இன்னொரு தேதி குறிக்கப் பயமாக இருக்கிறது ஐயா.

6. பேருந்தின் காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவே நூலகத்தில் அரசியலமைப்பைப் படித்தேன். இங்கே பிறந்தவர் இந்நாட்டுக் குடிமக்கள், எவருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை மறுக்கலாகாது என்கிறது பதினான்காம் திருத்தம். 'சமப் பாதுகாப்பு மாநிலங்களுக்குச் சொன்னது' என்று தங்கள் வழக்கறிஞர் எடுத்துக் கொடுப்பார்; ஐந்தாம் திருத்தத்தின் வழியே மத்திய அரசுக்கும் அக்கடமை உண்டு என்பதையும் படித்துவிட்டேன். ஆனால் எங்களைச் சமமாக்க இரண்டு வழி உண்டே. எனக்குக் கொடுக்கலாம், அல்லது எலிசியோவிடமிருந்து பிடுங்கலாம். அதை நினைத்துத்தான் இரண்டு மாதமாக இம்மனுவை எழுதாமல் இருந்தேன்.

நேற்று அவன் இதைப் படித்தான். "வந்தது ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே? குடுத்தா ரெண்டு பேருக்கும் குடுக்கட்டும், இல்லேன்னா எனக்கு மட்டும் எதுக்கு?" என்று தன் கடவுச்சீட்டை இந்த உறைக்குள் வைத்தான். நான் இரண்டு முறை வெளியே எடுத்தேன். மூன்றாம் முறையும் வைத்தான். திருமணத்தன்று அக்கரைத் தேவாலயத்தில் என்னைக் கைபிடித்து அழைத்துப் போக வேண்டியவன் அவன்.

ஆகவே ஐயா, இத்துடன் ஒரு கடவுச்சீட்டு வருகிறது. நவம்பர் முடிவதற்குள் இரண்டாகத் திருப்பி அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: எல் சோலித்தோ
நாள்: 15.10.2018

இப்படிக்கு,
இக்கரையில் பிறந்த,
ஒஃபெலியா பாரியெந்தோஸ்