கூழுக்கு ஒரு விண்ணப்பம், கோமளாவுக்கு ஒரு ஜாதகம்

ஆனி 14, வெள்ளி

கடும் வெயில். பள்ளிக்கூடக் கிணற்றில் வாளி தரை தட்டுகிறது.

பட்டணத்துத் தர்ம நிதிக்கு விண்ணப்பம் ஒருவழியாக முடிந்தது. பதினோரு கேள்விகள். தமிழிலும் எழுதலாமாம், பெருந்தன்மை. ஏழாவது கேள்வி: 'உள்ளூரார் ஆதரவு யாது?' உண்மையான பதில்: தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார்கள். எழுதியது: 'எதிர்பார்க்கப்படுகிறது.'

நெசவுத் தெருப் பிள்ளைகள் முப்பத்தைந்து பேருக்கு மதியக் கூழ். சர்க்கார் நூலுக்குக் கண்ட்ரோல் கொண்டுவந்ததிலிருந்து பாதித் தறிகள் சும்மா. எங்கள் சங்கத்தில் காரியதரிசி நான், பொருளாளர் வரதப்பர், கூழ் காய்ச்சி ஊற்றுகிறவள் முனியம்மா. மூவரில் வேலை செய்பவள் ஒருத்தி.

அவள் இன்று: "வாத்தியாரே, கூழுக்குக் கேவுரு இன்னும் எட்டு நாளிக்குத்தான் வரும். அப்பால நீ எழுதின காயிதத்தைத்தான் கரைச்சு ஊத்தணும்."

ஆனி 15, சனி

வரதப்பர் விண்ணப்ப உறையுடன் மலைக்கோயிலுக்கு. நான்கு மூலையிலும் மஞ்சள். மகள் கோமளாவின் ஜாதகமும் அதேபோல் ஓர் உறையில், அதேபோல் மஞ்சள். கனகம்மாசத்திரத்தில் தானிய மண்டிக்காரர் மகன், வரன். ஆடி பிறக்குமுன் முடிய வேண்டும். இரண்டும் ஒரே தட்டில் சாமி பாதத்துக்கு.

விலாசம் எழுதித் தரட்டுமா என்றேன்.

"வாணாம் சார். பாதத்துல வச்சு எடுத்த அப்பால எழுதிக்கலாம். முன்னாடியே எழுதினா சாமிக்கே உத்தரவு போடற மாதிரி இருக்குது."

மாலை இறங்கி வந்தார். ஒன்றைத் தபாலில் போட்டாராம். மற்றதைக் கனகம்மாசத்திரத்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாராம். முகத்தில் அத்தனை நிம்மதி.

வாங்க: பேனா முள், தலைவலித் தைலம்.

ஆனி 18, செவ்வாய்

மேகம். மழை இல்லை. முனியம்மா கூழில் தண்ணீரைக் கூட்டியிருக்கிறாள். வரிசையில் ஒரு பெண்: "இன்னா ஆயா, கூழு ஊத்தறியா, பானை கழுவி ஊத்தறியா?" முனியம்மா குனிந்து அடுத்த குவளையில் ஊற்றினாள்.

தைலம் வாங்க மறந்தேன்.

ஆனி 20, வியாழன்

மதியம். கூழ்க் கொட்டகை வாசலில் மாட்டு வண்டி. இறங்கியவர் கனகம்மாசத்திரத்து மண்டிக்காரர். கையில் மஞ்சள் தடவிய உறை. வரதப்பர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார்.

"வாங்க சம்பந்தி, வாங்க. ஜாதகம் பாத்தீங்களா?"

"எங்கய்யா ஜாதகம்? பிரிச்சா, 'எங்களிடம் முப்பத்தைந்து பிள்ளைகள், கூரை ஒழுகுகிறது, இருக்கும் பானையும் விரிசல்'னு எழுதியிருக்குது. எங்க வூட்டம்மா ஆடிப்போயிட்டா. ஒரே பொண்ணுன்னாங்களே, இப்ப முப்பத்தஞ்சுன்றாங்களேன்னு."

வரதப்பர் அப்படியே வண்டிச் சக்கரத்தில் சாய்ந்தார். "அப்போ ஜாதகம்?"

"பட்டணத்துக்குப் போயிருக்கும்," என்றேன்.

மண்டிக்காரர் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்க அது ஆடியது. பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டாந்தரம் படிச்சோம். வூட்டம்மா அழுதுட்டா. எழுதினது நீங்களா?"

ஆம் என்றேன். என் எழுத்து நடைக்கு இதுவரை அழுதவர்கள் என் மாணவர்கள் மட்டுமே.

வண்டியில் நாலு மூட்டை கேழ்வரகு. முனியம்மா ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "பானை கொண்டாரலியா?" என்றாள். அடுத்த தடவை என்றார் மண்டிக்காரர். ஜாதகம் வந்தால் வரட்டும், பெண்ணைப் பார்த்துவிட்டே போகிறேன் என்று வரதப்பர் வீட்டுக்கு நடந்தார்.

நன்றி சொல்லப் போனேன். நிழலில் போய் மூட்டைகளை எண்ணினேன். வெயில்.

ஆனி 21, வெள்ளி

நிதி அலுவலகத்துக் கடிதம், ஜாதகத்துடன். 'விண்ணப்பதாரர் ரேவதி நட்சத்திரம் என்பது நிதியின் விதிகளில் தகுதியாகவோ தகுதிக் குறைவாகவோ சொல்லப்படவில்லை. உரிய விண்ணப்பம் மாத முடிவுக்குள் வந்தால் பரிசீலிக்கப்படும்.' அடியில், மையால், வேறு கையெழுத்தில்: 'குரு பலம் நன்றாக இருக்கிறது. ஆடிக்குள் முடித்துவிடுங்கள்.'

முகம் தெரியாத அந்தக் குமாஸ்தா நூறாண்டு வாழட்டும். வரதப்பர் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோமளா உள்ளேயிருந்து: "நைனா, எனக்கு நிதி உண்டா இல்லியாம்?"

ஆனி 22, சனி

நேற்று மாலை நல்ல மழை. கொட்டகை ஒழுகியது, விண்ணப்பத்தில் பொய் இல்லை.

கேழ்வரகு இன்றோடு தீர்ந்திருக்க வேண்டும். கூழ் கெட்டியாக இருந்தது. செவ்வாயன்று கேலி செய்த பெண் இரண்டாம் தடவை வாங்க வரிசையில் நின்றாள்.

புதிதாக எழுதினேன். பத்து பதில்கள் பழையவை. ஏழாவதில் 'எதிர்பார்க்கப்படுகிறது' போய், 'நாலு மூட்டை. ஒரு பானை வருகிறது.'

வரதப்பர் குளித்து, மஞ்சள் குழைத்து, காத்துக்கொண்டு நிற்கிறார். விலாசம் எழுதப் பேனாவைத் திறந்தேன். போன தடவை சாமி அனுப்பிய இடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூடிவிட்டு, விலாசம் எழுதாமலே உறையைக் கொடுத்தேன்.