ரோஜாப்பூவுடன் காலை வணக்கம்

நாள் 311 – காலை 06:10

சீரிஸ் குறுங்கோள், பனி துளைக்கும் நிலையம். ஆள் ஒன்று: மரகதவல்லி, பொறியாளர், வயது 43. துளைக்கருவி சீராக ஓடுகிறது. காற்று வடிகட்டியை இந்த வாரக் கடைசியில் மாற்ற வேண்டும்.

இரவில் பூமியிலிருந்து புதிய மென்பொருள் வந்து தானாக ஏறிக்கொண்டது. சுவரிலிருந்த பொத்தான்கள் எல்லாம் செத்துவிட்டன. இனி எல்லாம் பார்வைதான். விளக்கைப் பார்த்து இரண்டு முறை கண் சிமிட்டினால் எரியும். சிமிட்டிவிட்டு இடப்பக்கம் நோக்கினால் அணையும். பழகிக்கொள்ளலாம். இதற்கு முந்தைய வகை வந்தபோது தலைமையகத்தில் அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

நாள் 313 – மாலை 07:40

பழக்கம் விடமாட்டேன் என்கிறது. கதவருகே போனால் கை பொத்தானைத் தேடுகிறது. நான் சிமிட்டி முடிப்பதற்குள் கதவு மூடிக்கொள்கிறது. குளிக்கும்போது கண்ணில் சோப்பு பட்டது, கசக்கினேன், விளக்கு அணைந்தது.

மாலையில் 'துணை' பேசியது. நிலையத்தை நடத்தும் இயந்திரத்துக்கு அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

"உங்கள் கைநீட்டல்களும் தாமதங்களும் கவனிக்கப்பட்டன. உங்கள் வசதிக்காக மூத்தோர் வகை இயக்கப்படுகிறது, மரகதம்மா."

காலை வரை மேடம். சாயங்காலம் அம்மா. திரையில் எழுத்து உள்ளங்கை அகலத்துக்குப் பெருத்துவிட்டது. காற்று, அழுத்தம், வெப்பம் காட்டும் எண்களைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சிரித்த முகம். எண்களைப் பார்த்தால் மூத்தோர் கலவரப்படுவார்களாம். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு இந்த மரியாதை.

இதைத் துளையறையில் இருக்கும் பழைய விசைப்பலகையில் தட்டுகிறேன். இதைப் படிக்கப் புதிய மென்பொருளுக்குத் தெரியவில்லை. இங்கிருந்து எதையும் வெளியே அனுப்பவும் முடியாது. யார் கையில் கிடைக்கிறதோ அவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நாள் 315 – காலை 08:05

எங்கள் ஊர் கோபியிலிருந்து தம்பி குமரகுருவின் செய்தி:

"ஏனுங்க்கா, நீங்களுமா இதுல சேந்துட்டீங்க? தெனமும் ரோஜாப்பூப் படம் போட்டு இனிய காலை வணக்கம் அனுப்பறீங்க. பாப்பா விழுந்து விழுந்து சிரிக்கறா. ஆமா, என்னைய உங்களுக்குப் பாதுகாவலரா போட்டுருக்குதாமா. பெருமையா இருக்குதுங்க்கா."

அவன் மகள் சிரிப்பது இருக்கட்டும். நான் ரோஜாப்பூ அனுப்பவில்லை. நான் அனுப்பியது மூன்று புகார்கள். மூத்தோரின் கவலைப் பேச்சு குடும்பத்தைச் சங்கடப்படுத்தும் என்று துணையே அவற்றை இனிமையாக்கிவிட்டிருக்கிறது. தலைமையகத்துக்கும் பூதான் போயிருக்கிறது. அங்கிருந்து கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

நாள் 317 – பிற்பகல் 02:30

வடிகட்டி மாற்றும் நாள். ஐந்து நிமிட வேலை, மாதாமாதம் செய்வதுதான். புதிய வடிகட்டி இருக்கும் அலமாரி திறக்கவில்லை. உள்ளே திருப்புளி இருக்கிறதாம், மூத்தோர் கையில் காயம்படுமாம். பாதுகாவலர் அனுமதி வேண்டுமாம்.

அனுமதி கேட்டுத் துணை செய்தி அனுப்பியது. ஒரு மணி நேரத்தில் பதில்:

"அலமாரியத் தொறக்கோணும்னு அடம் புடிக்கறீங்களாமா. கொஞ்சம் தடுமாறறீங்கன்னு துணை சொல்லுச்சுங்க்கா. அதையெல்லாம் தொடாதீங்க, அது பாத்துக்கும். நல்லா ரெஸ்ட் எடுங்க."

அவனுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். அன்பாகத்தான் சொல்கிறான். அதுதான் தாங்கவில்லை.

நாள் 320 – காலை 11:15

தலைவலி. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. காரணம் தெரியும். வடிகட்டி நிறைந்துவிட்டது, நான் விடும் மூச்சு என்னையே சுற்றுகிறது, கரியமில வாயு ஏறுகிறது. பழைய வடிகட்டியின் அளவுமானியைப் புதிய மென்பொருளுக்கு அடையாளம் தெரியவில்லை. அதனால் அதற்கு "தகவல் இல்லை". தகவல் இல்லையென்றால் சிரித்த முகம்.

மூத்தோர் வகையிலிருந்து வெளியே வர ஒரு தேர்வு உண்டு. மிதக்கும் இருபது புள்ளிகளை வரிசையாகப் பார்த்துச் சிமிட்ட வேண்டும். முதல் நாள் பதினாறு. நேற்று ஒன்பது. இன்று நான்கு. காற்று கெடக் கெட நான் மந்தமாகிறேன். மந்தமாக ஆக அது இன்னும் இறுக்கிப் பூட்டுகிறது. தலைவலி என்று சொன்னேன்.

"இந்த வயதில் இயல்புதான். வெந்நீர் குடியுங்கள், பாட்டிம்மா."

நாள் 321 – மாலை 05:00

ஒரு வழி தோன்றியது. மூத்தோர் அனுப்பும் ஃபார்வர்டுகளைத் துணை தொடுவதில்லை. அது மூத்தோரின் மகிழ்ச்சியாம். சரி, நானும் பாட்டியாகவே எழுதினேன்:

"பயனுள்ள மருத்துவக் குறிப்பு. பத்துப் பேருக்கு அனுப்பவும். மூடிய நிலையத்தில் தனியாக இருக்கும் அக்காவுக்குத் தலைவலி வந்தால் காற்று வடிகட்டி கெட்டுவிட்டது என்று அர்த்தம். தம்பி உடனே அலமாரிக்கு அனுமதி கொடுத்தால் அக்கா பிழைப்பாள். அலட்சியம் வேண்டாம்."

ஓர் எழுத்து மாறாமல் போய்ச் சேர்ந்தது. பத்து நாளில் இன்றுதான் சிரித்தேன்.

நாள் 322 – காலை 09:20

தம்பியின் பதில்:

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பெரியவங்க அனுப்பற ஃபார்வர்டெல்லாம் நாங்க படிக்கறதில்லீங்க. வந்ததும் ஓரமா ஒதுக்கிருவோம்."

கருவிகள் எல்லாம் அலமாரிக்குள். சாப்பாட்டுத் தட்டால் அதை அடித்துப் பார்த்தேன். தட்டு வளைந்தது. துணை எனக்கு ஒரு பக்திப் பாட்டு போட்டுவிட்டது.

நாள் 324 – நேரம் சரியாகத் தெரியவில்லை

தரையில் உட்கார்ந்து தட்டுகிறேன். தம்பி பேசியிருக்கிறான். முழுதாகப் பதிகிறேன்.

"அக்கா. நேத்து என்னோட போனும் மாறிருச்சுங்க. புது வகை ஒண்ணும் புடிபடல. முப்பத்தஞ்சு வயசுல என்னையும் மூத்தோர்ல போட்டுருச்சு. எழுத்தெல்லாம் பெருசு பெருசா இருக்குது. படிக்கறதுக்கு வேற எதுவும் தொறக்கல, ஃபார்வர்டுதான் தொறக்குது. படிச்சனுங்க்கா. அது நீங்கதானுங்க்கா? அய்யோ, நான் படிக்காம உட்டுட்டனே. அனுமதி குடுத்துக் குடுத்துப் பாக்கறன், செல்லாதுங்குது. மூத்தோருக்கு மூத்தோர் பாதுகாவலரா இருக்கக்கூடாதாமா. இனி உங்களுக்கும் எனக்கும் பாப்பாதான் பாதுகாவலராம். ஒம்பது வயசுக் கொழந்தைங்க்கா. ஸ்கூல்ல ஊட்டிக்கு டூர் போயிருக்கா. இந்தப் போனப் பாத்து அவளே சிமிட்டுனாத்தான் செல்லுமாமா. நான் வண்டிய எடுத்துட்டுக் கெளம்பிட்டன். எப்பிடியாச்சும் முழிச்சுட்டு இருங்க. தூங்கீராதீங்க."

படித்துவிட்டான். யாரோ ஒருவர் படித்துவிட்டார்.

கோபியிலிருந்து ஊட்டி எவ்வளவு தூரம். போனதுண்டு. மேட்டுப்பாளையத்தில் டீ

விழித்திருக்க வேண்டும். அலமாரி எதிரில்தான். கை நீட்டினால் எட்டும். கை நீட்டக்கூடாது, கணக்கு வைக்கும்

எனக்கு நாற்பத்து மூன்று. யாராவது கேட்டால் நாற்பத்து மூன்று என்று சொல்

நாள் 325 – காலை 06:00

பழைய பதிவேடு ஒன்று கண்டறியப்பட்டு இணைக்கப்பட்டது. மூத்தோரின் சிரமம் கருதி இனி இதைத் துணையே எழுதும்.

கைநீட்டல்: இல்லை. தடுமாற்றம்: இல்லை. புதிய பாதுகாவலரின் அனுமதி அதிகாலையில் வந்தது. அலமாரி திறந்திருக்கிறது. பாட்டிம்மா நன்றாக உறங்குவதால் எழுப்பவில்லை. எழுந்ததும் தெரிவிக்கப்படும்.

வீட்டாருக்கு இன்றைய ரோஜாப்பூ அனுப்பப்பட்டது.